ஊற்றிக் கழுவிய தரை

அந்த வருடம் வசந்தத்தில் அப்பா தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினார். வெகுதூரம் போகவில்லை. ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில், எங்கள் வீட்டு முன்னால் கார் விடும் டிரைவ்வேயில் நின்ற மோட்டர்ஹோமுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். கராஜிலிருந்து ஒரு மஞ்சள் வயரை இழுத்து அதற்கு மின்சாரம் கொடுத்தார். காலையில் குளிப்பதற்கு உள்ளே வருவார். இரவுச் சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். மற்றபடி அவர் வெளியே, அம்மா உள்ளே.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் வாங்கிய வண்டி அது. வாங்கும்போதே பழையது. முன்னால் லொறியின் முகம், பின்னால் ஒரு குட்டி வீடு. அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மேசை, கட்டில், நடுவில் ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய வழி. முதல் இரண்டு கோடைகளில் அம்மாவும் அப்பாவும் அதில் ஏரிக்கரைகளுக்குப் போய்வந்தார்கள். அதன்பிறகு அப்பாவுக்கு ஒரு ஆசை வந்தது. வீட்டை விற்றுவிட்டு முழுதாக வண்டியிலேயே வாழலாம், இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல்வரை நாட்டைப் பார்க்கலாம் என்றார்.

"ஒருக்கா வீட்டை விட்டிட்டு மூட்டையோடை ரோட்டிலை நிண்டது காணும்" என்றார் அம்மா. "இனி வீட்டுக்குச் சில்லுப் பூட்டிக்கொண்டு ஓட நான் வரேல்லை."

"அது சண்டைக்குள்ளை ஷெல்லுக்குப் பயந்து ஓடினது. இது ஊர் பாக்கப் போறது."

"ரெண்டிலையும் படுக்கிறது ரோட்டிலைதானே?"

இந்தப் பேச்சு பல வாரங்கள் வளர்ந்தது. பிறகு ஒருநாள் நின்றுபோனது. நின்றபோது அவர்களுக்கிடையில் இருந்த மற்றப் பேச்சுகளும் சேர்ந்து நின்றுவிட்டன. அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை, அதே வீட்டில் இருப்பவள். ஆகவே எல்லாம் என் வழியாகப் போய்வரத் தொடங்கியது.

"கொப்பரிட்டைக் கேள், இடியப்பமோ பாணோ எண்டு" என்பார் அம்மா. அப்பா அதே குசினியில் தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டு நிற்பார்.

"கொம்மாட்டைச் சொல்லு, எது கிடக்கோ அது காணும் எண்டு."

நான் எதையும் திருப்பிச் சொல்வதில்லை. இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

இலைகள் பழுக்கத் தொடங்கியபோது ஒரு சனிக்கிழமை காலை அப்பா என்னை வண்டிக்குக் கூப்பிட்டார். "கதவடியிலை மெத்தையிலை நடக்கிறமாதிரிக் கிடக்கு, பிள்ளை. ஒருக்கா வந்து பார்."

பழைய கட்டடங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். ஈரம் பார்க்கும் மீட்டர் எப்போதும் என் பையில் இருக்கும். நான் எங்கு போனாலும் ஒரே ஒழுங்கில் பார்ப்பேன். முதலில் கூரை, பிறகு ஜன்னல் மூலைகள், பிறகு தண்ணீர்க் குழாய்கள், கடைசியில் தரை. இப்படியான வண்டிகளில் தண்ணீர் பெரும்பாலும் கூரை வழியாகத்தான் வரும். ஆனால் கூரை காய்ந்திருந்தது. சுவர்களும் ஜன்னலோரங்களும் காய்ந்திருந்தன. குழாய்களில் கசிவு இல்லை. நடுவழியிலும் கதவடியிலும் மட்டும் மீட்டர் கத்தியது. கால் வைத்த இடத்தில் வினைல் விரிப்பு அமிழ்ந்து, பிறகு மெதுவாக எழும்பியது. எங்கிருந்து இந்தத் தண்ணீர் வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"திருத்தலாமோ, ஏலாதோ? ஒளிக்காமல் சொல்லு" என்றார் அப்பா.

"திருத்தலாம். ஆனால் தரையை முழுக்கக் கழட்ட வேணும். வேலை முடியுமட்டும் நீங்கள் உதுக்குள்ள படுக்கேலாது."

"எத்தினை நாளைக்கு?"

"காயிறதைப் பொறுத்து."

அவர் வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு, "சரி, செய்" என்றார்.

தரை திறந்திருக்கும்வரை அவர் வீட்டுக்குள் படுக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். குளிர்காலம் வந்துகொண்டிருந்தது. வண்டியிலிருந்த சிறிய ஹீட்டரை நம்பி அவர் அந்தக் குளிரைத் தகரப் பெட்டிக்குள் கழிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். உள்ளே வருகிறவர் உள்ளேயே நின்றுவிட்டால் நல்லது. அப்படியொரு சந்தர்ப்பம் இனி எப்போது வருமோ தெரியாது.

அம்மாவிடம் சொன்னேன். "பேஸ்மென்ட்டிலை படுக்கட்டும்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, தோய்த்து மடித்த ஒரு விரிப்பை எடுத்து என் கையில் தந்தார்.

வேலை தொடங்கமுன் படிமுறைகளை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். மேசையையும் இருக்கைகளையும் கழற்றுவது, வினைலை உரிப்பது, பிளைவூட்டை அலுமாரி ஓரங்களோடு வெட்டி எடுப்பது, அதன் கீழுள்ள குளிர்காப்பை மாற்றுவது, தரையைத் தாங்கும் சட்டங்களைக் காயவிடுவது, புதுப் பலகை, புது விரிப்பு. அப்பா அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"என்ன பிள்ளை, தரை போடுறியோ பாலம் கட்டுறியோ?"

"நீங்கள் ஆணி கழட்டினால் காணும்."

"ஓம், எனக்கு உத்தியோகமும் தந்திட்டாய்."

லீவு எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். முதல் நாள் மழை. வண்டியின் கூரையில் அது விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வினைலை ஒரு மூலையிலிருந்து உரித்தபோது, மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல் ஒரு மணம் எழுந்தது. கதவடியில் பிளைவூட் தேத்தண்ணியில் ஊறிய ரஸ்க் மாதிரிக் கையோடு வந்தது. கறுத்து, படைபடையாகப் பிரிந்து. தரைக்குக் கீழே மின்வயர்களும் காஸ் குழாயும் ஓடுவதால், மின்வாளின் வெட்டு ஆழத்தைப் பலகையின் தடிப்புக்குச் சரியாக வைத்துக்கொண்டு வெட்டினேன். அப்பா முழங்காலில் இருந்து பழைய ஸ்டேபிள்களைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் போட்டார்.

வெட்டி எடுத்த ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். மேற்பக்கம் அழுகியிருந்தது. கீழ்ப்பக்கம் ஓரளவு நன்றாக இருந்தது. அப்படியானால் தண்ணீர் கீழிருந்து வரவில்லை, மேலிருந்து இறங்கியிருக்கிறது. அதுவும் பழைய ஈரம் அல்ல. விரலால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது.

"அப்பா, உதுக்குள்ள தண்ணி ஏதும் ஊத்தினனீங்களோ?"

"நான் ஏன் ஊத்துறன்?" இன்னொரு ஸ்டேபிளைப் பிடுங்கினார். "வெள்ளிக்கிழமையிலை கழுவிறதுதான்."

"என்னெண்டு கழுவிறனீங்கள்?"

"என்னெண்டு கழுவிறது? வாளியிலை தண்ணி எடுத்து, மஞ்சள் கொஞ்சம் போட்டு, ஊத்தி, விளக்குமாத்தாலை கதவுப் பக்கம் தள்ளிவிடுறது. கொம்மா செய்யிறமாதிரித்தான்."

நான் வாளைக் கீழே வைத்தேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கமுன் தரை கழுவப்பட வேண்டும். துடைப்பது கழுவுவது ஆகாது என்பது அம்மாவின் கட்சி. தண்ணீர் ஓட வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது ஸ்காபரோவிலேயே ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். அங்கே அம்மா குசினியை ஊற்றிக் கழுவி, கீழ்வீட்டுக்காரரின் முகட்டால் தண்ணீர் சொட்டி, கட்டடப் பொறுப்பாளர் வந்து கதவைத் தட்டினார். அம்மா அவரை உள்ளே அழைத்துப் பளிச்சென்றிருந்த தரையைக் காட்டினார். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். ஏரிக்கரைகளுக்குப் போய்வந்த கோடைகளில் மோட்டர்ஹோமையும் அம்மா அப்படித்தான் கழுவியிருப்பார்.

ஆனால் அம்மா இந்த வண்டிக்குள் கால்வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் ஒருநாளும் விளக்குமாறு தொடாத அப்பா, தனியே இருந்த இந்த மாதங்களில், வெள்ளிக்கு வெள்ளி வாளியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"இது சீமெந்து இல்லை, அப்பா. வினைலுக்குக் கீழை மரம். பொருத்து வழியத் தண்ணி இறங்கும்."

"வெளியிலை மழை கொட்டுது, வண்டிக்கு ஒண்டும் ஆகேல்லை. உள்ளுக்கை ஒரு வாளித் தண்ணிக்கு ஊறிப்போச்சோ?"

"ஓம்."

அவர் அந்த அழுகிய துண்டை வாங்கிப் பார்த்தார். "அப்ப வெள்ளிக்கிழமை என்ன செய்யிறது?" என்று கேட்டார். உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அவர் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"ஆர், உவரோ? கலியாணம் கட்டின நாளிலை இருந்து எனக்கு ஒரு வாளி தூக்கித் தந்திருப்பாரோ? அங்கை போய்க் கழுவினவராமோ?" சிரிப்பதுபோல் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். காம்பையும் இலையையும் ஒரே கிண்ணத்துக்குள் போட்டார். பிறகு அதைக் கவனித்து, இருந்து பிரித்தெடுத்தார்.

அடுத்த நாள் அம்மா ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு டிரைவ்வேக்கு வந்தார். வண்டியின் படியில் ஏறமுன் செருப்பைக் கழற்றினார். உள்ளே தரை இல்லை. சட்டங்களும் அவற்றுக்கிடையே வெற்று இடைவெளிகளும்தான் இருந்தன. காலுறையோடு படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் கட்டில் பக்கம் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை.

"நான்தான் பழக்கிவிட்டது போலை" என்றார் அம்மா. அதை என்னிடம் சொன்னாரா வேறு யாரிடமாவது சொன்னாரா என்று தெரியவில்லை. கொண்டுவந்த தேத்தண்ணிப் பிளாஸ்க்கைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பிளாஸ்க்கோடு இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்றுக்குள் மட்டும் சீனி போட்டிருந்தது. அப்பா சீனி போட்டுக் குடிப்பதில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது, "பேஸ்மென்ட் குளிருது எண்டு சொல்லு. நடு அறை சும்மாதானே கிடக்கு" என்றார் அம்மா. நான் நடு அறையில் கட்டிலை விரித்தேன். அப்பா மறுபேச்சில்லாமல் மேலே வந்தார். அடுத்தடுத்த நாட்களில் இருவரும் ஒரே அறையில் இருந்து தொலைக்காட்சித் தொடர் பார்த்தார்கள். அதில் யாரோ ஒருத்தி அழுதபோது, "உவளுக்கு வேறை வேலையில்லை" என்று அப்பா சொன்னார். அம்மா "ம்" என்றார். என் வழியாகப் போகாத சொற்கள். நான் கைபேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

வண்டிக்குள் இரண்டு மின்விசிறிகளும் ஒரு ஈரமுறிஞ்சியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காலையும் சட்டங்களில் மீட்டரைக் குத்திப் பார்ப்பேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. வேலையில் அந்த எண் இறங்கினால் நிம்மதியாக இருக்கும். இப்போது அது இறங்க இறங்க, ஈரமான இடம் இன்னும் இருக்குமா என்று மூலைகளிலும் குத்திப் பார்த்தேன். சட்டங்கள் நான் நினைத்ததைவிட விரைவாகக் காய்ந்தன. பழுதான இரண்டு சட்டங்களின் பக்கத்தில் புதிய மரம் வைத்து முடுக்கினேன். குளிர்காப்பை அடைத்தேன். புதிய பிளைவூட்டைப் பசை பூசி, திருகாணி போட்டு இறுக்கினேன். மேலே குதித்துப் பார்த்தேன். ஓசை திடமாக இருந்தது.

வினைலை ஒரே துண்டாக வாங்கியிருந்தேன். பொருத்து இல்லாவிட்டால் தண்ணீர் இறங்க வழியில்லை. சுருட்டிக் குளிரில் கிடந்த வினைல் உடனே படியாது. சூடான இடத்தில் விரித்துவைக்க வேண்டும். ஆகவே அதை வீட்டு வரவேற்பறையில் விரித்தேன். ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை அது கிடந்தது. அம்மாவும் அப்பாவும் அதை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தார்கள். ஒரு தடவை எதிரெதிராக வந்து, இருவருக்கும் இடம் போதாமல், அப்பா பின்னால் போய் வழிவிட்டார்.

"நிறம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா.

அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. அன்றிரவு மீன் குழம்பும் புட்டும். அவர் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, கொம்மாட்டைச் சொல்லு. இப்ப தரையும் புதுசு. சம்மருக்கு வெளிக்கிடலாம். வீட்டை விக்க வேண்டாம். வாடகைக்குக் குடுத்திட்டுப் போகலாம். ஆக்களும் கேக்கினம்."

அம்மா கையை உதறித் தட்டின் விளிம்பில் வைத்தார்.

"அப்ப ஆக்களையும் பாத்தாச்சு."

"பாக்கேல்லை. கேட்டவை."

"கொப்பரிட்டைச் சொல்லு" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "உந்த வண்டியிலை எல்லாம் அவரின்ரைதான். நான் ஒண்டும் கேக்கேல்லை. வயர் மட்டும் இந்த வீட்டிலை இருந்துதான் போகுது."

அப்பா சாப்பிட்டு முடித்தார். எழுந்து தன் தட்டைக் கழுவி வைத்தார். அம்மாவின் தட்டு மேசையில் பாதியில் கிடந்தது.

தரை திறந்துவிட்டது, இனி அவர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று அம்மா நினைத்திருக்கிறார். தரை புதிதாகிறது, இனி அவள் வண்டிக்கு வந்துவிடுவாள் என்று அப்பா நினைத்திருக்கிறார். நான் செய்துகொண்டிருந்த ஒரே வேலையைப் பார்த்து இருவரும் வேறு வேறு நாட்களுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கென்று நானும் ஒன்றுக்காகக் காத்திருந்தேன்.

"நாளைக்கு விரிச்சு முடிச்சிடலாமோ?" என்று அப்பா குசினி வாசலில் நின்று கேட்டார்.

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? காய்ந்துவிட்டது என்று அவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் விரித்தோம். அலுமாரி வளைவுகளுக்கு ஏற்ப ஓரங்களை வெட்டினேன். சுவரோடு சேருமிடமெல்லாம் சிலிக்கோன் ஓட்டி விரலால் அழுத்தினேன். தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரிக்குள், தரைப் பலகையைத் திறந்து பார்க்க ஒரு சிறிய மூடி வைத்தேன். எதிர்காலத்தில் ஈரம் பார்க்க அது உதவும். அப்பா வெளியே நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அரை மணித்தியால ஓட்டத்திலுள்ள ஒஷாவாவில் கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார்.

"அவன்ரை வளவிலை விடலாமாம்" என்றார் உள்ளே வந்து. "கரண்டும் இருக்காம்."

"குளிருக்கு மட்டுமோ?"

"பாப்பம்."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார். மஞ்சள் வயரைக் கழற்றி, மணிக்கட்டில் வளையமாகச் சுற்றி, கராஜின் கொளுக்கியில் தொங்கவிட்டார். கதவடியில் நான் அவருடைய மருந்துகள், தடித்த போர்வை, அரிசி எல்லாம் ஏற்றப்பட்டனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அம்மா உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் புதிய மொப் ஒன்றும், அதைப் பிழியும் தட்டு வைத்த நீல வாளியும் இருந்தன. எப்போது கடைக்குப் போனாரோ தெரியாது.

"இதைக் குடு. பிழிஞ்சு துடைக்கச் சொல்லு."

வாங்கிக்கொண்டு நின்றேன். போக வேண்டாம் என்று சொல்லச் சொல்வார் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அவர் ஜன்னல் திரையைச் சரிசெய்தார்.

வாளியைக் கொடுத்தேன். அப்பா அதைக் கட்டிலின் கீழே சாயாமல் வைத்தார். வண்டி பின்னோக்கி நகர்ந்து நடைபாதையைத் தொட்டபோது வீட்டுக் கதவு திறந்தது. அம்மா மேற்படியில் வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ."

அம்மா அப்பாவைக் கூப்பிடும் அந்தச் சொல்லை நான் பல மாதங்களாகக் கேட்டதில்லை. பிரேக் விளக்குகள் சிவந்தன. அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"ஊத்தாதேங்கோ" என்றார் அம்மா.

"ஓம்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். தெருமுனையில் வண்டி திரும்பும்வரை அம்மா நின்றார். எண்ணெய் சிந்திய கறையோடு டிரைவ்வே மிகவும் அகலமாகத் தெரிந்தது.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் அம்மா சமைத்துக் கட்டித் தந்தவற்றை எடுத்துக்கொண்டு ஒஷாவாவுக்குப் போனேன். பழைய கார்கள் பனிக்குள் புதைந்து நின்ற வளவின் கடைசியில் மோட்டர்ஹோம் நின்றது. கூரையில் படிந்த பனியை அப்பா ஒரு நீட்டுத் தடியால் தள்ளி வைத்திருந்தார். உள்ளே மிதமான சூடு. கதவடியில் நீல வாளி, அதற்குமேல் மொப் காயப் போட்டிருந்தது. அப்பா கொஞ்சம் மெலிந்திருந்தார். பொதியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவையும் மணந்து பார்த்தார்.

நான் தொட்டிக்குக் கீழே குனிந்து அந்த மூடியைத் திறந்து மீட்டரைக் குத்தினேன்.

"என்ன சொல்லுது?"

"காஞ்சு கிடக்கு, அப்பா."

"பாத்தியே!" அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "வெள்ளிக்கு வெள்ளி பிழிஞ்சுதான் துடைக்கிறன். கொம்மாட்டைச் சொல்லு."

இருட்டமுன் வீடு திரும்பினேன். அம்மா வெற்று டப்பாக்களை வாங்கிக்கொண்டார். அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்கவில்லை.

"தரை எப்பிடியாம்?"

"நல்லாக் காஞ்சு கிடக்கு. பிழிஞ்சுதான் துடைக்கிறாராம்."

அம்மா ஒரு டப்பாவைக் கழுவத் தொடங்கினார். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

"அப்ப உனக்கு அங்கை இனித் தரை கழட்டிற வேலை ஒண்டும் இல்லை?"

"இல்லை" என்றேன்.